குன்னூர் பங்களா அலுவலகத்தின் ஈரம்: ஒரு சீரமைப்பு, ஒரு பிழை, இரண்டு மழைக்காலம்

பின்னணி

மேல் குன்னூரில் மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்த ஒரு தட்டின் மேல் அந்தக் கட்டடம் நிற்கிறது. ஒரு காலத்தில் தோட்டத்துரை குடியிருந்த பங்களா. இப்போது தேயிலை வணிகம் செய்யும் ஒரு நிறுவனத்தின் அலுவலகம். ஆறு அறைகள், முன்னால் கண்ணாடி அடைத்த வராந்தா, பின்னால் சமையற்கட்டாக இருந்து ஆவண அறையாக மாறிய நீளமான பகுதி. சுவர்கள் ஒன்றரை அடிக் கனத்தில் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய கருங்கல். தரை, தேக்குப் பலகை. மூன்று அறைகளில் கணப்பு அடுப்புகள். மூன்றும் செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருந்தன. ஒன்றின் முன்னால் ஜெராக்ஸ் இயந்திரம் நின்றது.

எப்போது கட்டியது என்பதற்கு ஆவணம் கிடைக்கவில்லை. ஓடுகளின் அடியில் மங்களூர் பாசல் மிஷன் முத்திரை இருந்தது. அந்த ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். ஆகவே கூரை அதற்குப் பிந்தையது என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். வார்ப்பிரும்புக் கணப்பு முகப்புகளை நான்கு பேர் சேர்ந்துதான் அசைக்க முடிந்தது. அவை மாட்டுவண்டியில் மலையேறி வந்தன என்று நம்ப மனம் வரவில்லை. 1899இல் மேட்டுப்பாளையம் ரயில் குன்னூரைத் தொட்ட பிறகு வந்திருக்கலாம். இது என் ஊகம்தான்.

நிறுவனத்தார் கேட்டது எளிய வேலை. உள்ளே புதுப் பெயின்ட், பலகைத் தரை மேல் வினைல் விரிப்பு, ஈரம் தெரியும் சுவர்களுக்கு மரம் போலத் தோன்றும் பலகை அடைப்பு, மேலே ஜிப்சம் கூரை. ஒரு உள் அலங்கார ஒப்பந்ததாரர் விலைப்பட்டியலும் கொடுத்திருந்தார். பழைய வேலைப்பாடுகளில் எதை வைத்துக்கொள்ளலாம் என்று கருத்துச் சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். மேலாளர் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "சார், பொங்கலுக்குள் முடிய வேண்டும். எங்கள் தலைவர் வருகிறார்." அப்போது மார்ச் மாதம். ஒன்பது மாதம் தாராளம் என்று நானும் நினைத்தேன்.

பார்த்தவை

ஆவண அறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறியது பூஞ்சை வாடை. இரும்பு அலமாரிகள் முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றன. ஒன்றை இழுத்துப் பார்த்தோம்; பின்தகடு துருப்பிடித்து, சுவரில் அதன் நிழல் போலவே செவ்வகமாகக் கறுப்புப் பூஞ்சை. கோப்புகளின் அடி ஓரங்கள் அப்பளம் போல அலை அலையாகச் சுருண்டிருந்தன. இரண்டு ஊழியர்களுக்கு மூச்சிரைப்பு; அவர்கள் இருக்கை இரண்டும் பின்பக்க அறைகளில்.

எல்லோரும் கூரையைக் குறை சொன்னார்கள். கூரையிலும் குறை இருந்தது. இரு சரிவுகள் சேரும் கூடுவாய்த் தகரம் துருவில் சல்லடையாகியிருந்தது. முகட்டு ஓடுகள் சில நகர்ந்திருந்தன. ஆனால் கூரை ஒழுகினால் சுவரின் மேற்பகுதி நனைய வேண்டும். இங்கே ஈரம் தரையிலிருந்து மூன்றடி வரை நின்றது. அதன் மேல் விளிம்பில் உப்பு பூத்து, பெயின்ட் தோல் தோலாக உரிந்தது.

ஈரமானியைச் சுவரில் வைத்தால் முள் கடைசி வரை ஓடியது. முதல் வாரம் அந்த அளவை நம்பி, சுவர் முழுக்க நீர் ஊறிக் கிடக்கிறது என்றே குறிப்பெழுதினேன். அது சரியல்ல. உப்பு ஏறிய பூச்சில் மின்சாரம் எளிதில் கடக்கும். அதனால் ஈரமானி சுவரில் மிகைப்படுத்திக் காட்டும். மரத்துக்கு நம்பலாம், உப்புச் சுவருக்கு நம்ப முடியாது. பிறகு பழைய முறைக்கே வந்தோம். ஒரு முழச் சதுர அலுமினியத் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விட்டோம். தாளின் முன்பக்கம் வியர்த்தால் ஈரம் அறைக் காற்றில். பின்பக்கம் வியர்த்தால் சுவருக்குள். பின்பக்க அறைகளில் ஒட்டிய நான்கு இடங்களிலும் தாளின் பின்பக்கமே வியர்த்தது. முன் அறைகளில் ஒன்று கூட இல்லை.

கணப்பு அடுப்புகளுக்கு மேலே சுவரில் தேநீர் கொட்டியது போன்ற பழுப்புக் கறை இருந்தது. அது மழைக்குக் கட்டுப்பட்டதாக இல்லை. பனிமூட்டம் இறங்கிய நாளில் தெரியும், வெயில் அடித்தால் மறையும். புகைக்கரியில் ஊறிய உப்பு காற்றின் ஈரத்தைக் குடிக்கிறது என்பதற்கு இது அடையாளம். மேலே புகைபோக்கிக்குச் சிமெண்டு மூடி, கீழே செங்கல் அடைப்பு. நடுவில் காற்று அசையவே இல்லை.

காவலாளி சொன்ன செய்தி

பின்புறச் சுவரை ஒட்டிச் சிமெண்டு நடைபாதை ஓடியது. அதைப் பார்த்தும் பார்க்காமல் ஒரு வாரம் கடந்துவிட்டேன் என்பதைப் பதிவு செய்கிறேன். ஒருநாள் காலை அந்த நடைபாதையில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே வேலை பார்க்கும் காவலாளி, "இதன் கீழே ஜன்னல் மாதிரி இரும்புப் பூ இருக்கும் சார். பாம்பு வருகிறது என்று சொல்லி மூடினார்கள்" என்றார்.

அவர் காலால் தட்டிக் காட்டிய இடத்தை உடைத்தோம். ஒன்பது அங்குலம் ஆழத்தில் வார்ப்பிரும்புக் கம்பித்தடுப்பு ஒன்று வந்தது. கொடிப் பூ வேலைப்பாடு, துருவுக்கு அடியிலும் கூர்மை மாறாமல். விரலை விட்டால் ஈர மண்தான் வந்தது.

பலகைத் தரை போட்ட மலை பங்களாக்களில் தரைக்கு அடியில் இரண்டடி வெற்றிடம் விட்டிருப்பார்கள். சுவரின் அடிப்பகுதியில் எதிரெதிரே துளைகள். ஒரு பக்கம் நுழையும் காற்று மறுபக்கம் வெளியேறும். மண்ணின் ஈரம், பலகைகளைத் தாங்கும் மரச்சட்டங்களான தாங்குசட்டங்களை எட்டுவதற்குள் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இந்தக் கட்டடத்தில் 14 துளைகள் எண்ணினோம். நடைபாதை அவற்றில் 9ஐ மூடியிருந்தது. மீதி ஐந்தும் முன்பக்கம். ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் காற்று ஓடாது. போதாததற்கு நடைபாதையின் வாட்டம் சுவரை நோக்கி இருந்தது. சரிவில் இறங்கும் மழைநீர் நேராகச் சுவரடிக்கு வந்து நின்றது. அதே சமயத்தில் சுவருக்கு வெளியே மூன்றடி உயரம் சிமெண்டுப் பூச்சும் பூசியிருந்தார்கள், ஈரத்தைத் தடுக்க. அந்தப் பூச்சின் மயிர்வெடிப்புகள் வழியாக உள்ளே போன நீர் வெளியே வர வழியில்லாமல், அறைப்பக்கமாகத் திரும்பியது. அங்கே பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்ட் வழியை மறித்தது. பெயின்ட் ஏன் உரிந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

எடுத்த முடிவுகள்

ஒப்பந்ததாரரின் விலைப்பட்டியலை ஒதுக்க வேண்டியிருந்தது. பலகை அடைப்பு ஈரத்தை மறைக்கும், போக்காது. வினைல் விரிப்பு தரைக்கு மேலிருந்தும் மூச்சை அடைக்கும். இதை மேலாளரிடம் விளக்கியபோது அவர் கேட்ட கேள்வி நியாயமானது: "பணத்தை எல்லாம் மண்ணுக்குள் போட்டால் தலைவருக்கு எதைக் காட்டுவது?" ஆவண அறையில் ஒரு பலகையைப் பெயர்த்து, அடியில் இருந்த தாங்குசட்டத்தில் திருப்புளியைக் குத்தச் சொன்னேன். கைப்பிடி வரை இறங்கியது. அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

வரிசையை இப்படி வைத்தோம்: நீர், காற்று, மரம், சுவர், கடைசியில் நிறம். கட்டடத்தின் பரப்பையோ உயரத்தையோ நாங்கள் மாற்றவில்லை. இருந்தாலும் நகராட்சியிடம் எழுத்து மூலம் தெரிவித்துவிட்டுத் தொடங்கினோம். மண் வேலை முழுவதும் கைவேலை. மண்வெட்டி இயந்திரத்துக்கு நீலகிரியில் ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பது ஒருபுறம். பழைய சுவரடியில் அதைக் கொண்டுபோவதை நானே விரும்பவில்லை.

அலுவலகத்தை மூடவில்லை. ஊழியர்கள் முன் அறைகளில் நெருக்கி உட்கார்ந்தார்கள். கணினிக் கம்பிகளுக்காகச் சுவரை வெட்டக்கூடாது என்பது முதல் நாளே போட்ட விதி. தரைக்கடி வெற்றிடம் இருக்கும்போது கம்பிக்கு அதைவிட நல்ல வழி இல்லை.

நீரும் தரையும்

கூரை வேலை மூன்று வாரத்தில் முடிந்தது. கூடுவாய்க்குப் புதுத் தகரம், உடைந்த ஓடுகளுக்குப் பழைய கட்டடங்களிலிருந்து வாங்கிய அதே அளவு ஓடுகள். சொல்லும்படி வேறொன்றும் இல்லை.

நடைபாதையை முழுவதும் பெயர்த்தோம். மண்ணைத் துளைகளுக்குக் கீழே ஓரடி வரை இறக்கி, சுவரிலிருந்து விலகி ஓடும்படி கல் பாவிய வடிகால் அமைத்தோம். பாம்பு பற்றிய அச்சம் பொய்யல்ல. கம்பித்தடுப்புகளுக்கு உள்பக்கம் மெல்லிய கண்ணி வலை வைத்துக் கட்டினோம்.

தரைக்கடியில் இறங்கிய ஆசாரி, சுவருக்குள் செருகியிருந்த சட்ட முனைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல முனை 'டங்' என்றது; உளுத்தது 'பொத்' என்றது. கரையான் இல்லை; ஈரத்தில் வளரும் பூஞ்சைதான். 31 முனைகள் போயிருந்தன. முழுச் சட்டத்தையும் மாற்றுவதா, முனையை மட்டும் வெட்டி ஒட்டுப்போடுவதா என்று பேச்சு வந்தது. நடுப்பகுதித் தேக்கு இன்றைக்குக் கடையில் கிடைக்காத உறுதியோடு இருந்தது. முனையை வெட்டி, சாய்வாக ஒட்டுச்சேர்த்து, போல்ட் முடுக்கினோம். புது முனைக்கு அடியில் ஈயத் தகடு. சுவர்க்குழிக்குள் மூன்று பக்கமும் விரல் நுழையும் இடைவெளி. எல்லா மரத்துக்கும் போராக்ஸ் கரைசல் இரண்டு முறை அடித்தோம்.

சன்னல்கள்

மேலும் கீழும் நகரும் கண்ணாடிச் சன்னல்கள் பன்னிரண்டு. ஒன்று கூட நகரவில்லை. "இதைக் கழற்றிவிட்டு அலுமினியம் போட்டுவிடலாம்" என்று அலுவலகத்தில் பலரும் சொன்னார்கள். ஆசாரி ஒரு நிலைச்சட்டத்தின் பக்கவாட்டில் சிறு பலகை ஒன்றைத் தட்டி எடுத்தார். உள்ளே ஒரு முழ நீள வார்ப்பிரும்பு எடைக்கட்டை, அறுந்த கயிற்றின் துண்டோடு, அடியில் விழுந்து கிடந்தது. இந்த எடைதான் சன்னலின் கனத்தைச் சமன் செய்து, ஒற்றை விரலால் ஏற்ற வைக்கும். பன்னிரண்டில் ஒன்பதின் கயிறுகள் அறுந்திருந்தன. மூன்றைப் பெயின்ட் ஒட்டி வைத்திருந்தது. பழுது அவ்வளவே. கயிறு மாற்றி, கப்பிக்கு எண்ணெய் விட்டு, கண்ணாடி ஓரத்துக்குச் சாக்பவுடரும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த மக்கு வைத்தோம். பழைய கண்ணாடியில் லேசான அலை தெரியும். அதன் வழியே பார்த்தால் எதிர்மலைத் தேயிலை வரிசை சற்று நெளியும். உடைந்த நான்கை மட்டும் மாற்றினோம்.

பெயின்டைச் சுரண்டும் முன் ஈயச் சோதனை செய்தோம். சோதனைக் குச்சி இளஞ்சிவப்பாக மாறியது, ஈயம் இருக்கிறது. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய கட்டடத்தின் அடிப்பெயின்டில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே தொடங்குவது நல்லது. ஊதுவிளக்கும் உலர்ந்த உப்புத்தாளும் தடை. நனைத்துச் சுரண்டி, கழிவைப் பாலித்தீன் விரிப்பில் வாங்கி, மூடிய டப்பாக்களில் அடைத்தோம். ஆசாரியின் பையன் முகக்கவசத்தை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே வேலை செய்வான். ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்ல வேண்டியிருந்தது.

சுவர்ப் பூச்சு: எங்கள் பிழை

வெளிச் சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுத்து ஜூன், ஜூலை இரண்டு மாதம் சுவரைத் திறந்து உலரவிட்டோம். அது சரியான முடிவு. அடுத்தது தவறு.

குன்னூருக்குப் பெருமழை ஆடியில் அல்ல, ஐப்பசி கார்த்திகையில். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கைக் கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் வாங்கிக்கொள்ளும். கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவமழையை நேராக ஏற்கும். இது எனக்குத் தெரியாததல்ல. தரை வேலையில் நாள் கூடிவிட்டது. பொங்கல் கெடு கழுத்தில் இருந்தது. செப்டம்பர் கடைசியில் சுண்ணாம்புப் பூச்சைத் தொடங்க ஒப்புக்கொண்டேன். உள்ளூர்க் கொத்தனார், எழுபதை நெருங்கியவர், "தை பிறக்கட்டும் சார், இப்போது சுவரைத் தொட வேண்டாம்" என்றார். அவர் வேலையைத் தள்ளிப்போடப் பார்க்கிறார் என்று எண்ணினேன். காரைக்குடிப் பக்கத்திலிருந்து சுண்ணாம்பு வேலையில் பெயர்பெற்ற ஒரு குழுவை வரவழைத்தேன்.

அவர்கள் கைவேலையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நீற்றிய சுண்ணாம்பு, சலித்த மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீர். கரணையால் எறிந்து, மணியாஸ் கட்டையால் தேய்த்தார்கள். மூன்று வாரம் கழித்து நகத்தால் கீறினேன். வெண்ணெய்க்கட்டி போலக் கோடு விழுந்தது. சுண்ணாம்பு இறுகுவது காற்றில் உள்ள கரியமில வாயுவை உள்ளே இழுத்துத்தான். அதற்குச் சிறிது ஈரம் வேண்டும். ஆனால் பூச்சின் நுண்துளைகள் நீரால் நிரம்பிவிட்டால் வாயு நுழைய இடமில்லை. குளிர் வேறு அதை மெதுவாக்கும். பகலெல்லாம் மூட்டம் சுவரில் படிந்து கிடந்த மாதம் அது. குழுத் தலைவர் சொன்னார்: "எங்கள் ஊரில் வெயில்தான் பெரிய கொத்தனார். இங்கே அவரைக் காணவில்லையே சார்."

நிறுத்தியிருக்க வேண்டும். மேல்பூச்சையும் போட அனுமதித்தேன். நவம்பர் இரண்டாம் வாரம் இரவெல்லாம் பெய்த மழையில் வடகிழக்குச் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குப் பூச்சு அப்படியே வழுக்கிக்கொண்டு வடிகாலில் விழுந்து அதையும் அடைத்தது. காலையில் மேலாளர் புகைப்படம் மட்டும் அனுப்பினார். கூடவே ஒரு வார்த்தையும் இல்லை.

பொங்கலுக்கு வந்த தலைவர் சாக்குப் படுதா தொங்கிய வெளிச்சுவரைத்தான் பார்த்தார். விளக்கம் சொன்னேன். உளுத்த சட்ட முனை ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். அதைக் கையில் வாங்கிப் பிசைந்து பார்த்தார், தூளானது. வேலையைத் தொடரச் சொன்னார். கூடுதல் பூச்சுக்கான கூலியை என் கட்டணத்தில் கழித்துக்கொள்ள நானே சொன்னேன்.

மறுபடி பூசியது பிப்ரவரியில், அந்த உள்ளூர்க் கொத்தனாரை வைத்து. கலவையும் மாறியது. வெளிப்பூச்சுக்குச் செங்கல் தூளான சுர்க்கி சேர்த்தோம். அது சேர்ந்தால் சுண்ணாம்பு நீரோடும் இறுகும், காற்றை மட்டும் நம்பியிராது. கடுக்காய்–வெல்லக் கலவை உள்சுவர்களுக்கு மட்டும். வெயில் ஏறும் பகலில் நனைத்த சாக்கு, மூட்டம் இறங்கும் மாலையில் உலர்ந்த படுதா. ஏப்ரலில் ஆணியால் கீறிப் பார்த்தேன்; கோடு வெளிறித் தெரிந்தது, குழி விழவில்லை.

நிறத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு சுவரில் ரூபாய் நாணய அளவுக்குச் சுரண்டினோம். கிரீம் எமல்ஷன், அதற்கடியில் வான நீலம், பிறகு பச்சை டிஸ்டெம்பர், எல்லாவற்றுக்கும் அடியில் மஞ்சள் காவி கலந்த சுண்ணாம்பு. அந்தக் காவியையே அடித்தோம். ஜிப்சம் கூரைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. பழைய தொங்கு அட்டையைக் கழற்றியபோது மேலே பலகைக் கூரை முழுதாக இருந்தது.

பின்னர் நடந்தவை

அடுத்த வடகிழக்கு மழையில் வெளிப்பூச்சு நின்றது. தாங்குசட்டங்களின் ஈரம் வேலைக்கு முன் 26 விழுக்காடு. ஓராண்டு கழித்து 16. இருபதுக்குக் கீழே இருந்தால் மரத்தைத் தின்னும் பூஞ்சை வளராது. ஆவண அறை வாடை போய்விட்டது. அலமாரிகள் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கின்றன. மூச்சிரைப்பு இருந்த இருவரில் ஒருவர் குணம் தெரிகிறது என்கிறார்; மற்றவருக்கு மாற்றமில்லை.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. காற்றோட்டம் திரும்பியதும் தரை சில்லிட்டது. டிசம்பரில் கணக்குப் பிரிவின் அம்மா ஒருவர் பலகை இடுக்குகளிலெல்லாம் பழைய செய்தித்தாளைச் சுருட்டிச் செருகிவைத்தார். அவர் மட்டுமல்ல, வெளியே இரண்டு துளைகளில் யாரோ கோணிப்பை திணித்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குளிரில் எட்டு மணி நேரம் உட்காருவது அவர்கள்தாம். அகன்ற இடுக்குகளுக்கு மட்டும் தேக்குச் சில்லு அடைத்து, மேசைகளுக்கு அடியில் கயிற்றுப்பாய் விரித்தோம். ரப்பர் அடி வைத்த விரிப்பு வேண்டாம் என்றும், ஏன் வேண்டாம் என்றும், தரைப்பலகை ஒன்றைத் திறந்து அவர்களுக்கே காட்டினோம். அதன் பிறகு கோணிப்பை காணவில்லை.

பின்சுவரின் உப்பு இன்னும் ஓயவில்லை. ஆண்டுக்கணக்கில் சேர்ந்தது ஒரே பருவத்தில் வெளியேறாது. பங்குனியில் உலர்ந்த தூரிகையால் பெருக்கி எடுத்து மேலே சுண்ணாம்பு அடிக்கிறார்கள்.

மறுபடி செய்தால்

சுற்றுப்புறத் தரைமட்டத்தை முதல் நாளே பார்ப்பேன். சுவரை விட்டுப் பத்தடி தள்ளி நின்று. அங்கே நெடுநாள் வேலை செய்தவர்களிடம் எதை மூடினார்கள், எதை உயர்த்தினார்கள் என்று ஈரமானியைத் தொடுவதற்கு முன்பே கேட்பேன்.

சுண்ணாம்புப் பூச்சுக்கான மாதங்களை ஒப்பந்தத்திலேயே எழுதுவேன்: இந்தச் சரிவில் ஜனவரி பின்பகுதி முதல் ஏப்ரல் வரை. கெடு தவறினால் வெளிவேலை அடுத்த ஆண்டுக்குப் போகும் என்ற வரிக்கும் கையெழுத்து வாங்குவேன். சமவெளியிலிருந்து ஆள் வரவழைப்பதில் தவறில்லை. ஆனால் முதலில் நான்கடிச் சதுரம் பூசி ஒரு மாதம் பார்த்த பிறகே மீதி.

தரை குளிரும் என்பதைத் திட்டத்திலேயே சேர்த்து, கயிற்றுப்பாய்க்குப் பணம் ஒதுக்குவேன்.

கணப்பு அடுப்புகளில் இரண்டைத் திறந்து, மேலே மழை விழாத காற்று மூடியும் கீழே கம்பித்தடுப்பும் வைத்தோம். பழுப்புக் கறை அந்த இரண்டிலும் மங்கிவிட்டது. மேற்கு அறையினுடையதைத் திறக்கவில்லை. ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு வேறு இடமில்லை என்றார்கள், நானும் வற்புறுத்தவில்லை. அங்கே மூட்டம் இறங்கும் நாளில் கறை இன்னும் தெரிகிறது. இயந்திரத்தை வராந்தாவுக்கு மாற்ற இப்போது இசைந்திருக்கிறார்கள். தை பிறந்ததும் செங்கல்லைப் பெயர்க்கிறோம்.